எண்ணும் எழுத்தும் திட்டம்: செயலிவழி மதிப்பீடு

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒவ்வொரு குழந்தையும் எட்ட வேண்டிய கற்றல் விளைவுகளை ஆசிரியரின் கைபேசியில் பதிந்து பின்தொடரும் முறை. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுகட்ட, 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பிழையின்றி எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு வந்தது. பின்னர் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கப்படுகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தமிழில் மலராகவும் கணக்கில் அரும்பாகவும் இருக்கலாம். வெறும் மதிப்பெண் பட்டியலில் இந்த வேறுபாடு இவ்வளவு துலக்கமாகத் தெரியாது. எமிஸ் என்னும் கல்வி மேலாண்மைத் தகவல் தரவுத்தளத்தோடு இணைந்த டிஎன்எஸ்இடி செயலியில், கற்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீடும் பருவ இறுதியில் செய்யும் தொகுத்தறி மதிப்பீடும் பதிவாகின்றன. இடையில் பிள்ளை முன்னேறினால் நிலையும் மாறும்.

குறைகளும் உண்டு. சர்வர் திணறும் நாளில் பாட நேரம் கைபேசியிலேயே கழிகிறது. ஈராசிரியர் பள்ளிகளில் சுமை இன்னும் கூடுதல். பதிவேற்றப் பணிகளைக் குறைக்கும்படி ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து கேட்டுவந்தது நியாயமே. திக்கித் திக்கி வாசிக்கும் பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஆசிரியர்தான் அறிவார். அவர் தட்டுவதை மட்டுமே செயலி சேமிக்கிறது.