பனி இல்லை... கம்பு இருக்கு!

‘‘என்ன சார், ஸ்கீயை வீட்டிலேயே மறந்து வெச்சிட்டு வந்துட்டீங்களா?’’

ஃபின்லாந்தில் 1990களில் ரொம்பப் பிரபலமான கிண்டல் இது. ரெண்டு கையிலும் பனிச்சறுக்குக் கம்புகள். காலில் பார்த்தால் சாதாரண ஷூ. தரையில் பொட்டுப் பனி கிடையாது. இந்தக் கோலத்தில் ஒருத்தர் பார்க்கில் ‘டக் டக்’ என்று கம்பை ஊன்றிக்கொண்டு வேகவேகமாக நடந்து போனால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

சிரித்த ஊர் சில வருடங்களிலேயே லட்சக்கணக்கில் கம்பு வாங்கியது. இன்றைக்கு ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் அறுபது, எழுபது வயசுத் தாத்தா பாட்டிகள் இரண்டு கம்புகளோடு சர்வசாதாரணமாக ஏறி இறங்குகிறார்கள். ‘நார்டிக் வாக்கிங்’ என்று பெயர். நார்டிக் என்றால் ஐரோப்பாவின் வடக்குக் கோடி. ஃபின்லாந்து, நார்வே, ஸ்வீடன் வகையறா.

ஃபின்லாந்துக்காரர்களுக்குப் பனிச்சறுக்கு என்பது விளையாட்டு மட்டும் அல்ல, ஒரு காலத்தில் அதுதான் போக்குவரத்தே. பிரச்னை, கோடைக்காலம். பனி உருகிவிட்டால் பந்தய வீரர்கள் எதில் பயிற்சி செய்வது? ஸ்கீயைக் கழற்றிப் போட்டுவிட்டு, கம்பை மட்டும் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். பனியில் எப்படிக் கம்பைப் பின்னுக்குத் தள்ளி உடம்பை முன்னால் செலுத்துவார்களோ, அதே அசைவு. 1966-ல் லீனா யாஸ்கெலைனன் என்கிற உடற்பயிற்சி ஆசிரியை இதைத் தன் பள்ளிப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்தார். 1979-ல் மௌரி ரெப்போ என்கிற பயிற்சியாளர் இந்த நடையைப் பற்றி விளக்கமாக எழுதினார். ஆனால், எல்லாம் வீரர்கள், மாணவர்கள் வட்டத்துக்குள்ளேயேதான். பொதுஜனம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை? கம்பு என்றாலே ஓர் இளக்காரம்! அதற்கு ஒரு பழைய கதை உண்டு. அதைத் தெரிந்துகொள்ள வடக்கிலிருந்து ஆல்ப்ஸ் பக்கம் கொஞ்சம் இறங்கி வரவேண்டும்.

1786, ஆகஸ்ட் 8. சுமார் 4,800 மீட்டர் உயரமுள்ள மோன் ப்ளாங் சிகரத்தில் முதல்முதலாக இரண்டு பேர் கால் வைத்தார்கள். ஒருவர் மிஷெல் பக்கார், டாக்டர். இன்னொருவர் ஜாக் பால்மா, மலையில் படிகக்கல் தேடி விற்று வயிறு வளர்த்தவர். கயிறு கிடையாது, பனிக்கோடரி கிடையாது. கையில் இருந்தது இரும்பு முனை வைத்த நீளக் கம்பு, அவ்வளவுதான். ‘ஆல்பென்ஸ்டாக்’ என்பார்கள். ஆடு மேய்ப்பவரிலிருந்து வழிகாட்டி வரை அந்த மலையில் எல்லோர் கையிலும் இருந்த கம்பு.

அடுத்த நூற்றாண்டில் பணக்காரச் சுற்றுலாப் பயணிகள் வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கொரு கம்பு வாங்கி, ஏறிய இடங்களின் பெயரையெல்லாம் அதில் சூடு போட்டு எழுதிக்கொண்டார்கள். அப்படிச் சூடு போட்டுக் கொடுப்பதற்கென்றே ஸ்விட்சர்லாந்தில் ஆட்கள் கடை விரித்திருந்தார்களாம். மார்க் ட்வைன் 1880-ல் வெளியான தன் பயணப் புத்தகத்தில் இந்தக் கூத்தைக் கிண்டலடித்திருக்கிறார். அப்போது கம்பு ஓர் அந்தஸ்து.

அப்புறம் மவுசு போயிற்று. மலையேறும் வீரர்கள் பனிக்கோடரிக்கு மாறிவிட்டார்கள். சாதாரண ஜனங்களுக்குக் கேபிள் கார் வந்துவிட்டது. கம்பு, தாத்தாவின் ஊன்றுகோலாகச் சுருங்கியது. கையில் கம்பா? சரி, ஆள் முடிஞ்சாச்சு என்று அர்த்தம்! 1974-ல் ஜெர்மனியின் ‘லெக்கி’ கம்பெனி, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியோடு ‘மக்காலு’ என்று இமயமலைச் சிகரத்தின் பெயரையே சூட்டி ஒரு மலைக் கம்பைக் கொண்டுவந்தது. மலையேறிகள் வாங்கினார்கள். அடுத்த வீட்டு மாமா வாங்கவில்லை.

இப்போது திரும்ப ஃபின்லாந்துக்குப் போவோம். அங்கே அந்த மாமாக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். மிகையில்லை. 1960களின் கடைசியில், மாரடைப்பால் ஆண்கள் சாவதில் உலகத்திலேயே முதலிடம் ஃபின்லாந்துக்கு. அதிலும் வடக்குக் கரேலியா என்கிற மாகாணம் ரொம்ப மோசம். மரம் வெட்டுகிற, உடம்பு வளைந்து வேலை செய்கிற ஆண்கள் நாற்பது, ஐம்பது வயதில் சரிந்து விழுந்தார்கள். 1971-ல் அந்த மாகாணத்துப் பிரதிநிதிகள் ‘எங்களைக் காப்பாற்றுங்கள்’ என்று அரசாங்கத்துக்கு மனுவே கொடுத்தார்கள். 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டர் தலைமையில் ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. வெண்ணெயைக் குறை, உப்பைக் குறை, சிகரெட்டை விடு என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். அடுத்த நாற்பது வருடங்களில், வேலை செய்யும் வயதுள்ள ஆண்களின் இதயநோய் மரணங்கள் அங்கே 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன.

இதில் கம்புக்குப் பங்கில்லை. யாராவது அப்படிச் சொல்லி விற்றால் நம்பாதீர்கள். ஆனால் ‘உடம்பைக் கவனி’ என்கிற பேச்சு ஒரு தேசத்தின் காதில் இருபது, முப்பது வருடம் விழுந்துகொண்டே இருந்தது அல்லவா? ஓட முடியாது, மூட்டு வலி, தொப்பை, வயசு. ஆனாலும் ஏதாவது செய்ய வேண்டும். அப்படி ஒரு பெரிய கூட்டம் காத்திருந்தது.

1988-ல் ஹெல்சின்கியில் ஸ்கீ வாரம் நடத்தவேண்டிய சமயத்தில் பனியே பெய்யாமல் காலை வாரியது. ‘சுவோமென் லாட்டு’ என்ற அமைப்பு, 1938-லிருந்து மக்களை வெளியே கூட்டிப்போய் நடக்கவும் சறுக்கவும் வைக்கிற சங்கம். அதன் நிர்வாகி துவோமோ யாந்துனென், ‘ஸ்கீ இல்லாவிட்டால் என்ன, கம்பு இருக்கிறதே’ என்று ஜனங்களை நடக்கவிட்டார். விதை விழுந்தாச்சு.

முளைத்தது 1997-ல்தான். இங்கேதான் வியாபாரம் உள்ளே வருகிறது. காமர்ஸ் படித்தவனுக்கு இந்த இடம் தேன்! ‘எக்ஸல்’ என்பது ஃபின்லாந்துக் கம்பெனி. கார்பன் இழையில் ஸ்கீ கம்புகள் செய்யும். குளிர்காலத்தில் கல்லா நிறையும், கோடையில் ஈ ஓட்டும். மழைக்காலத்தில் மட்டும் குடை விற்கிறவர் நிலைமை. மார்கோ காந்தனேவா என்கிற உடற்பயிற்சி நிபுணர் கம்பு நடையை முறைப்படுத்தி எழுத, சுவோமென் லாட்டு, வியருமாக்கி விளையாட்டுப் பயிற்சி மையம், எக்ஸல் மூன்றும் கைகோத்தன. நடப்பதற்கென்றே தனிக் கம்பு சந்தைக்கு வந்தது. ஃபின்னிஷ் மொழியில் இதற்குப் பெயர் வெறும் ‘கம்பு நடை’தான். வெளிநாட்டில் விற்க அது போதுமா? ‘நார்டிக் வாக்கிங்’ ஆயிற்று. தாத்தாவின் ஊன்றுகோல் ஒரே பெயர் மாற்றத்தில் விளையாட்டு வீரரின் கருவியாகிவிட்டது! 2000-ல் சர்வதேச சங்கமும் வந்துவிட்டது. பயிற்சியாளருக்குச் சான்றிதழ் உண்டு.

நடக்கவா சான்றிதழ் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் தப்பாகப் பிடித்தால் கம்பு வெறும் சுமைதான். மலையேறும் கம்பை உடம்புக்கு முன்னால் நட்டுவார்கள். நார்டிக் கம்பைச் சாய்வாக, முனை பின்னால் இருக்கும்படி ஊன்றித் தள்ள வேண்டும். இடது கால் போகும்போது வலது கை. கையுறை மாதிரி ஒரு வார் மணிக்கட்டைப் பிடித்திருப்பதால், தள்ளி முடித்ததும் விரல்களைத் திறந்துவிடலாம். தோள், முதுகு, புஜம் எல்லாம் வேலை செய்யும். 170 சென்டிமீட்டர் ஆளுக்குச் சுமார் 115 சென்டிமீட்டர் கம்பு போதும். தார் ரோட்டுக்கு ரப்பர் முனை, மண்ணுக்கு உலோக முனை.

பலன்? 2002-ல் அமெரிக்காவின் கூப்பர் ஆய்வு நிறுவனம் அளந்து பார்த்தது. சும்மா நடப்பதைவிடச் சராசரியாக 20 சதவீதம் அதிகம் ஆக்ஸிஜன் செலவாகிறது. ஆனால் நடந்தவர்களுக்குக் கூடுதலாகக் கஷ்டப்பட்டதாகவே தெரியவில்லை! மலை என்று வந்தால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில்தான் முட்டி போகும். சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் ஷ்வாமெடர் குழு 1999-ல் 25 டிகிரி சரிவில் ஆட்களை இறங்கவிட்டுச் சோதித்தது. கம்போடு இறங்கினால் மூட்டில் விழும் சுமை 12-லிருந்து 25 சதவீதம் வரை குறைந்தது. எழுபது வயசுக்காரர் ஒருத்தர் மலைக்குப் போவதா, வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதா என்பதைத் தீர்மானிக்க அந்த 25 சதவீதமே போதும்.

விற்பனைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சமதளத்திலும் மூட்டுச் சுமை பெருமளவு குறையும் என்று அடித்துவிட்டார்கள். 2008-ல் டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் வெளியான ஆய்வுகள், ‘அப்படியெல்லாம் ஒன்றும் குறையவில்லை’ என்று சொல்லிவிட்டன.

அதற்குள் சந்தையும் மாறிவிட்டது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பேய் பிடித்த மாதிரி விற்ற கம்புகள், 2000களின் நடுவில் தேங்க ஆரம்பித்தன. கார்பன் கம்பு ஒன்று வாங்கினால் வருஷக்கணக்கில் உழைக்கும், அடுத்தது எதற்கு? போதாக்குறைக்கு மலிவுக் கம்புகள் வேறு கடைகளில் வந்து குவிந்தன. உலகத்துக்கே கம்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்த எக்ஸல், விளையாட்டுப் பொருள் தொழிலை விட்டே விலகியது. பெயரையும் எக்ஸல் காம்போசிட்ஸ் என்று மாற்றிக்கொண்டது. காற்றாலைக்கும் தொலைத்தொடர்புக் கருவிகளுக்கும் அது இப்போது கார்பன் இழை, கண்ணாடி இழைப் பாகங்கள் செய்துகொண்டிருக்கிறது. அந்தத் தொழிலுக்கு, கோடை ஒன்று, குளிர் ஒன்று என்று சீசன் கிடையாது.