பலர் பணமும் ஒரு பணியும்: திருத்தணி வட்டாரத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

சிறு சங்கங்கள் பல ஒன்றுகூடி ஒரு வட்டாரத்தின் வாழ்வை மாற்ற முற்படுங்கால், அதற்கு வேண்டிய பொருள் எங்கிருந்து வருகிறது, யார் கைவழியே வருகிறது, யாருக்குக் கணக்குக் காட்டப்படுகிறது என்னும் வினாக்கள் எழுகின்றன. இவற்றை நிர்வாகக் குழுவின் வேலை என்று குருமாராகிய நாம் ஒதுக்கிவிடுவது வழக்கம். பவுல் அடிகள் அவ்வாறு ஒதுக்கவில்லை. எருசலேமின் ஏழைகளுக்கெனப் பல சபைகளில் திரட்டிய காணிக்கையைத் தாம் தனித்து எடுத்துச் செல்லாமல், சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் உடன் சேர்த்துக்கொண்டார் என்பதை 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். கூட்டு நிதியின் வரலாற்றை எழுதப் புகுவோர் அங்கிருந்தே தொடங்கலாம். எனினும் நமக்கு அண்மையிலும் சான்றுகள் உள்ளன.

திருத்தணி இருமொழி பேசும் எல்லை நிலம். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதில் சேர்க்கப்பட்ட இவ்வட்டாரம், 1953இல் அம்மாவட்டத்தோடு ஆந்திர மாநிலத்துக்குச் சென்று, ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பின்னர் 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆகவே இவ்வூரின் வரலாற்றைத் தேடுவோர் இன்றைய மாநில எல்லைக்கு அப்பாலும் செல்ல வேண்டியவராகின்றனர். திருத்தணியில் 1888இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனே திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூரில் ஆற்காடு மிஷன் கல்லூரியிலும், பின்பு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். அன்றைய மாணவருக்கு இவ்வூர்கள் எல்லாம் ஒரே மாகாணத்தின் ஊர்கள்.

திருத்தணிக்குத் தென்கிழக்கே திருவள்ளூரை அடுத்த திரூரில் 1904இல் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. சென்னை மாகாணத்தின் முதற் கிராமக் கூட்டுறவுச் சங்கம் என அது போற்றப்படுகிறது. பிரடெரிக் நிக்கல்சன் அரசுக்கு அளித்த அறிக்கையின் விளைவுகளுள் ஒன்றாகிய 1904ஆம் ஆண்டுச் சட்டம், கிராமச் சங்கங்களுக்கு வரையறையற்ற பொறுப்பைப் பொதுவிதியாக்கியது. அதாவது, ஒருவன் கடனைத் திருப்பாவிடில் ஏனையோர் அனைவரும் அதற்குப் பொறுப்பாவர். ஒருவர் பாரத்தை மற்றொருவர் சுமப்பதைப் பிரசங்கபீடத்தில் எளிதாகப் பேசிவிடுகிறோம். இச்சட்டம் அதனைப் பேரேட்டில் எழுதியது! ஆயினும் தனித்த சங்கத்தில் ஏழைகள் மட்டுமே கூடின், ஏழ்மையையே பங்கிட வேண்டியிருக்கும். இக்குறையை உணர்ந்தே 1912ஆம் ஆண்டுச் சட்டம் சங்கங்கள் பல சேர்ந்த ஒன்றியங்களுக்கும் மத்திய வங்கிகளுக்கும் இடமளித்தது.

இவ்வாய்ப்பின் பொருளை விரைந்து உணர்ந்த கிறிஸ்தவர் சேலத்தில் பிறந்த கே. டி. பால். 1905இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோது வேதநாயகம் அசரியாவோடு நின்று, இந்தியர் பணத்தாலும் இந்தியர் நிர்வாகத்தாலும் ஊழியம் நடைபெற வேண்டும் என்று வாதிட்டவர் அவர். பின்னர் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் பணியைத் தொடங்கி, சிற்றூர்க் கிறிஸ்தவரின் சங்கங்களுக்குக் கடன் வழங்கும் பொருட்டுச் சென்னையில் கிறிஸ்தவ மத்தியக் கூட்டுறவு வங்கி உருவாக வழிசெய்தார். உறுப்பினரிற் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட குலத்துக் கூலியாட்கள். நிலக்கிழாரிடமும் வட்டிக்காரரிடமும் கட்டுண்டு கிடந்தவன் தன் பெயரால் பங்கு வாங்கி, கூட்டத்தில் அமர்ந்து கை உயர்த்துவது அந்நாளில் சிறிய செய்தியன்று. இதனை நாம் தொகைகொண்டு அளப்பது தவறு என்றே கருதுகிறோம்.

மற்றொரு சான்று மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம். அன்று திருத்தணி இருந்த அதே சித்தூர் மாவட்டத்தில், 1915இல் அங்கு ஐக்கிய மிஷன் காசநோய் மருத்துவமனை பணி தொடங்கியது. காசநோய்க்கு அக்காலத்தில் மருந்து இல்லை. உலர்ந்த மேட்டு நிலக் காற்றும், நல்ல உணவும், மாதக்கணக்கான ஓய்வுமே சிகிச்சை. அத்தனை காலம் ஒரு நோயாளியைப் பேணுவதற்குத் தனி மிஷன் எதனிடமும் பொருள் இல்லை. தம் சிறு மருத்துவமனைகளிலோ பிற நோயாளிகளுக்குத் தொற்றும் என்ற அச்சம். எனவே பல நாடுகளையும் பல மரபுகளையும் சேர்ந்த மிஷன்கள் செலவையும் நிர்வாகத்தையும் பகிர்ந்துகொண்டன. இடம் சீர்திருத்த மரபினரான அமெரிக்க ஆற்காடு மிஷனின் ஊழியப் பகுதி; முதன்மை மருத்துவரோ டேனிஷ் லுத்தரன் சங்கத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் பிரிமோட் மோலர். திருவிருந்தில் ஒன்றுசேரத் தயங்கிய சபைகள் இருமலுக்கு முன் ஒன்றுசேர்ந்தன என்று சற்றுக் கசப்போடு சொல்லலாம். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் தோன்றுவதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி இது.

பின்னாளில் இந்தியரான டாக்டர் பி. வி. பெஞ்சமின் அதன் தலைமையை ஏற்று, காசநோய்த் துறையில் இந்திய அரசுக்கு ஆலோசகரானார். பி.சி.ஜி. தடுப்பூசி இந்தியாவில் முதன்முதல் போடப்பட்ட களமும் 1948இல் மதனப்பள்ளியே. சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும் (1915) வேலூர் மருத்துவப் பள்ளியும் (1918) இதே கூட்டுமுறையில் வளர்ந்தவை. அவற்றின் கதை பலரும் அறிந்ததே.

இவ்விரு முறைகளையும் ஒப்புநோக்கின் ஒரு வேறுபாடு புலனாகிறது. ஆரோக்கியவரத்தில் கூடியவை பணம் தந்த சங்கங்கள்; மேசையைச் சுற்றி அமர்ந்தவர் மிஷன்களின் பிரதிநிதிகள். நோயுற்ற உழவனுக்குக் கட்டில் கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை. பாலின் முறையில் கடன் வாங்கியவனே பங்குதாரன். முன்னது நிலைத்த நிறுவனத்தைத் தந்தது. பின்னது தன்மதிப்பைத் தந்தது. ஆனால் வறட்சியும் நிலுவைக் கடனும் கிராமச் சங்கங்களை எளிதில் உலுக்கின.

இன்று இவ்வொப்பீடு ஏட்டளவில் நிற்பதன்று. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், பதிவுபெற்ற ஒரு சங்கம் தான் பெற்றதைப் பதிவுபெற்ற வேறொரு சங்கத்துக்குப் பகிர்ந்தளிக்க இடங்கொடுத்திருந்தது. 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அப்பகிர்வை முற்றிலும் தடுத்தது. நிர்வாகச் செலவின் உச்ச அளவையும் நூற்றுக்கு 50இலிருந்து 20ஆகக் குறைத்தது. பெரிய அமைப்பொன்று பெற்று, கொத்தடிமை மீட்பிலோ இருளர் குழந்தைகளின் கல்வியிலோ ஈடுபட்ட சிற்றூர்ச் சங்கங்களுக்குப் பிரித்தளித்த வழி இதனால் அடைபட்டது. கணக்கு ஒழுங்குக்காக அரசு கேட்பதைக் குறைகூற நாம் முன்வரவில்லை. பவுலும் அதனையே நாடினார். ஆயினும் தனக்கென எழுத்தரை வைத்துக்கொள்ள இயலாத சிறு சங்கமே இதில் முதலில் நசுங்குகிறது.

உள்நாட்டுப் பணத்துக்கு இத்தடை இல்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வருவோருக்கு வழிநெடுக நீர்மோர்ப் பந்தல் அமைக்கும் ஊரார் எவரிடமும் மானியம் கேட்பதில்லை. நம் பெண்கள் சங்கங்களும் பிடியரிசிக் காணிக்கையை நெடுங்காலமாய் அறிந்தவை. ஆனால் அவ்வரிசி பெரும்பாலும் தத்தம் சபைக் கட்டடத்துக்கே சென்றது. ஐந்தாறு சபைகள் தம் பிடியரிசியை ஒரே பேரேட்டில் சேர்த்து, அதனைப் பெறுவோரையும் குழுவில் அமர்த்திய முயற்சிகள் எங்கேனும் நடந்தனவா என்பதைச் சபைகளின் பழைய குறிப்பேடுகளில்தான் தேட வேண்டும். கோடை விடுமுறையில் சிற்றூர்ச் சபைகளுக்குச் செல்லும் நம் மாணவர், ஞானஸ்நானப் பதிவேட்டோடு காணிக்கைப் பேரேட்டையும் கேட்டு வாங்கிப் படிக்கட்டும்.