சிசிலியின் எள்ளும் அமெரிக்காவின் சப் ரொட்டியும்

அமெரிக்காவின் கிழக்குக் கரையோர ஊர்களில் தெருவுக்குத் தெரு சிறிய உணவுக்கடைகள் உண்டு. டெலி என்பது அவற்றின் பெயர். நண்பகலில் அக்கடைகளின் முன் வரிசை நீண்டிருக்கும். முழ நீள ரொட்டியை நெடுக்காக வகிர்ந்து, தாள்போல் சீவிய இறைச்சியையும் ப்ரொவலோன் பாலாடைக்கட்டியையும் அடுக்கி, தக்காளியும் வெங்காயமும் லெட்டூஸ் இலையும் பரப்பி, எண்ணெயும் வினிகரும் தெளித்து, ஒரிகானோ தூவி, தாளில் இறுகச் சுற்றித் தருவார்கள். இதுவே இத்தாலியன் சப்.

அந்நாட்டில் வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதன் மணம் பள்ளிக்கூட நாள்களிலேயே பழக்கமாகிவிடுகிறது. ஆனால் வழக்கமான இத்தாலியன் சப்பில் அடுக்கப்படும் ஹாம், கப்பிகோலா, மார்ட்டடெல்லா ஆகியவை பன்றி இறைச்சியால் ஆனவை. ஆகவே நாம் விலகி நிற்கிறோம். அந்த விலக்கில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. எனினும், ‘இது முழுக்க அந்நியர் உணவு’ என்று பிள்ளைகளிடம் சொல்லி முடித்துவிடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அந்த ரொட்டியின் மேல் தூவப்படும் எள்ளிலேயே நம் சமுதாயத்தின் வரலாறு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஹிஜ்ரி 212, அதாவது கி.பி. 827ஆம் ஆண்டில் கைரவான் நகரத்துக் காழி அஸத் இப்னுல் ஃபுராத் தலைமையில் ஒரு படை சிசிலித் தீவின் மஸாரா கரையில் இறங்கியது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்ட முதிய அறிஞர் அவர். மறு ஆண்டே சிரக்கூஸ் முற்றுகையின்போது அவர் இறந்தார். 831இல் பலெர்மோ நகரம் முஸ்லிம்களின் கைக்கு வந்தது. அது முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் சிசிலி இஸ்லாமிய உலகின் ஒரு பகுதியாக விளங்கியது.

அக்காலத்தில் நீர்ப்பாசன முறைகளும் புதிய பயிர்களும் அங்கே பரவின. நாரத்தை இனப் பழங்கள், கரும்பு, கத்தரிக்காய் ஆகியவை தழைத்தன. எள்ளை இன்றும் சிசிலி மக்கள் ‘ஜுஜ்ஜுலேனா’ என்றே அழைக்கின்றனர். ‘ஜுல்ஜுலான்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு அது. ‘ஸிபிப்போ’ என்னும் திராட்சையின் பெயர், உலர்ந்த திராட்சையைக் குறிக்கும் ‘ஸபீப்’ என்பதிலிருந்து வந்தது. ஆரஞ்சுக்கு இத்தாலியர் வழங்கும் ‘அரான்சா’ என்ற பெயர் ‘நாரஞ்ச்’ என்பதன் வழியே வந்தது. அந்தச் சொல்லின் வேரை நம் ‘நாரத்தை’யோடு இணைத்துக் காணும் மொழியறிஞர்களும் உளர். 1154இல் தம் நூலை முடித்த புவியியலறிஞர் அல் இத்ரீஸி, பலெர்மோவுக்கு அருகிலுள்ள திராபியா என்னும் ஊரில் ‘இத்ரிய்யா’ எனும் உலர்ந்த மாவு இழைகள் செய்யப்பட்டுக் கப்பல்களில் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டதைப் பதிவு செய்துள்ளார். இன்று உலகம் இத்தாலியின் அடையாளமாகக் கொள்ளும் பாஸ்தாவைப் பற்றிய பழைய சான்றுகளுள் அதுவும் ஒன்று.

இறைச்சியைப் பற்றிய செய்தியும் உண்டு. 973ஆம் ஆண்டில் பலெர்மோவுக்கு வந்த பயணி இப்னு ஹவ்கல், அந்நகரின் பள்ளிவாசல்களின் எண்ணிக்கை கண்டு வியந்தார். அங்கே இறைச்சிக்கடைகளும் மிகுந்திருந்தன. இறைச்சிக்கடைக்காரர்களுக்கெனத் தனிப் பள்ளிவாசலே இருந்தது. அதில் கூடிய கூட்டத்தை வரிசை வரிசையாகக் கணக்கிட்டு, 7000 பேருக்கு மேல் என்று அவர் எழுதினார். இன்று பன்றி இறைச்சியின் பெயர்களால் அறியப்படும் ஒரு சமையல் மரபின் மண்ணில், ஒரு காலத்தில் ஹலால் இறைச்சி விற்றோர் இத்தனை பெரிய ஜமாஅத்தாக நின்று தொழுதார்கள்.

பின்னர் நார்மானியர் வந்தனர். 1072இல் பலெர்மோவும், 1091இல் கடைசிக் கோட்டையான நோட்டோவும் வீழ்ந்தன. முதலில் முஸ்லிம்கள் அரசவையிலும் வயல்களிலும் இடம் பெற்றே வாழ்ந்தனர். 13ஆம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் எஞ்சியோரைப் பெயர்த்துத் தென் இத்தாலியின் லூசெராவில் குடியேற்றினார். 1300ஆம் ஆண்டில் அந்தக் குடியிருப்பும் அழிக்கப்பட்டது. அங்கிருந்தோரில் பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டனர். தீவில் பாங்கொலி நின்றுபோனது. எள் மட்டும் ரொட்டியின் மேல் தங்கியது.

ஆறு நூற்றாண்டுகள் கடந்தன. 1880க்கும் 1920களுக்கும் இடையில் வறுமையால் உந்தப்பட்டுச் சுமார் 40 லட்சம் இத்தாலியர் அமெரிக்கா சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் தென் இத்தாலியரும் சிசிலியருமே. துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்தவர்களுக்கு, ஒரு கையில் பிடித்து உண்ணக்கூடிய மதிய உணவு தேவைப்பட்டது. மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் ஜொவானி அமாட்டோ தொழிலாளருக்கு ரொட்டியில் இறைச்சியும் காய்களும் வைத்து விற்றார். நியூ ஆர்லியன்ஸில் 1906இல் சிசிலியரான சால்வடோர் லூப்போ தொடங்கிய மளிகைக்கடை, எள் தூவிய வட்ட ரொட்டியில் ‘மஃபலெட்டா’வைப் புகழ்பெறச் செய்தது. நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரில் டொமினிக் கான்டி என்பவர், பூங்காவில் வைக்கப்பட்ட ஜான் ஹாலந்தின் பழைய நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டு, தம் ரொட்டியும் அதே வடிவம் என்று சொல்லி அப்பெயரைச் சூட்டியதாக அவர் குடும்பத்தார் கூறுவர். ‘சப்மரீன்’ சுருங்கி ‘சப்’ ஆயிற்று. இப்பெயருக்கு உரிமை கோரும் ஊர்கள் வேறும் உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் ஹோகி, நியூ இங்கிலாந்தில் கிரைண்டர், நியூயார்க்கில் ஹீரோ எனப் பெயர்களும் பல.

காலம் மீண்டும் ஒரு சுற்றுச் சுற்றியது. அதே பேட்டர்சன் இன்று அமெரிக்காவில் முஸ்லிம்கள் செறிந்து வாழும் நகரங்களுள் ஒன்று. பலஸ்தீனர், சிரியர், துருக்கியர், வங்காளியர் எனப் பல நாட்டு முஸ்லிம்கள் அங்கே கடை வைத்துள்ளனர். அந்நகரின் முதன்மைத் தெருவின் ஒரு பகுதிக்கு 2022இல் ‘பலஸ்தீன் வே’ என்று பெயரிடப்பட்டது. அமெரிக்காவில் இன்று ஹலால் முறையில் அறுத்த மாட்டிறைச்சி சலாமியும் வான்கோழி இறைச்சியும் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு சப் ரொட்டி அடுக்கும்போது, பலெர்மோவின் இறைச்சிக்கடைக்காரர்கள் விட்டுச் சென்ற இடம் நிரம்புவதுபோல் நமக்குத் தோன்றுகிறது.

உண்ணும்போது பேண வேண்டியவையும் உள. எல்லா இறைச்சியையும் ஒரே எந்திரத்தில் சீவும் கடையில், வான்கோழி கேட்டாலும் பன்றிக் கொழுப்பு அதில் படியும். கடைக்காரரிடம் பணிவாகக் கேட்பதில் கூச்சம் வேண்டா. பாலாடைக்கட்டியில் சேரும் உறைபொருள் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்றும் அறிந்துகொள்வது நன்று. மதுவிலிருந்து ஆன வினிகரைப் பொறுத்தவரை, அது தானே மாறியிருந்தால் தூய்மையானது. வேறு பொருள் இட்டு மாற்றியிருந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது, ஹனஃபி மத்ஹபில் கூடும். நம்மில் இரு மத்ஹபினரும் இருப்பதால், அவரவர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை.

ஆனால் சிசிலி நமக்குச் சொல்லும் பாடம் இதனினும் பெரிது. ஒரு சமுதாயம் மறைந்த பின்னும் அதன் சுவை வாழும்; அதன் சொற்களும் பிறர் நாவில் வாழும். தொழுகை அப்படித் தானாக வாழ்வதில்லை. கற்றுத் தருவோரும் கற்போரும் உள்ளவரை மட்டுமே அது நிலைக்கும். சிசிலி முஸ்லிம்களிடமிருந்து அது வலிந்து பறிக்கப்பட்டது. வெளிநாடுகளில் வாழும் நம்மிடமிருந்து எவரும் பறிக்கவில்லை. நாமே நழுவவிட்டுவிடும் அச்சம்தான் உண்டு. நம் பேரப்பிள்ளைகளிடம் பிரியாணியும் நோன்புக்கஞ்சியும் மட்டும் எஞ்சி, அவற்றை உண்ணுமுன் சொல்லும் பிஸ்மில்லாஹ் எஞ்சாமற்போனால், எள் தங்கிய ரொட்டிக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

ஆகவே, ஹலாலான சப் ரொட்டியைப் பிள்ளைகளோடு பகிர்ந்து மகிழ்ந்து உண்போம். அதன் மேலுள்ள எள்ளைக் காட்டி, அஸத் இப்னுல் ஃபுராத்தின் கதையையும் பலெர்மோவின் தொழுகை வரிசைகளையும் சொல்வோம். பிறகு லுஹருக்கு அவர்களோடு ஒரே வரிசையில் நிற்போம். வல்ல அல்லாஹ் நம் உணவையும் நம் சந்ததியின் ஈமானையும் காத்தருள்வானாக. ஆமீன்.