வில்ட் சேம்பர்லின்

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர். ஏழடி ஓரங்குல உயரம் கொண்ட சென்டர் ஆட்டக்காரர். 1936 ஆகஸ்ட் 21 அன்று பிலடெல்பியாவில் பிறந்தார். ஓவர்புரூக் உயர்நிலைப் பள்ளியில் ஆடும்போதே பெயர் பெற்றுவிட்டார். கேன்சஸ் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய 1957 கல்லூரி இறுதியாட்டம் மூன்று முறை கூடுதல் நேரத்துக்கு நீண்டது. வட கரோலினாவிடம் ஒரே புள்ளியில் தோல்வி. ஓராண்டு ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் குழுவில் இருந்துவிட்டு, 1959-ல் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் பிலடெல்பியா வாரியர்ஸ் அணியில் சேர்ந்தார்.

1961-62 பருவத்தில் அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 50.4 புள்ளிகள். அந்தப் பருவத்தில்தான், 1962 மார்ச் 2 அன்று, சாக்லேட்டுக்குப் பெயர்போன ஹெர்ஷி என்ற சிற்றூரில் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக 100 புள்ளிகள் எடுத்தார். கூடையை நோக்கி 63 முறை எறிந்து 36 முறை போட்டார். எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையற்ற எறிவான ஃப்ரீ த்ரோ அவருடைய பலவீனம். வாழ்நாள் கணக்கில் பாதியளவே உள்ளே விழுந்தன. அந்தப் பருவத்தில் பந்தை இரு கைகளாலும் கீழிருந்து மேலே வீசிப் பார்த்தார். அன்று 32-ல் 28 விழுந்தன! வாரியர்ஸ் 169-147 என வென்றது.

பார்வையாளர்கள் 4,124 பேர். தொலைக்காட்சி ஒளிபரப்பு இல்லை. நான்காம் கால்பகுதியின் வானொலி வர்ணனை மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் அணியின் விளம்பர அலுவலர் ஹார்வி பொல்லாக் ஒரு வெள்ளைத்தாளில் ‘100’ என்று எழுதிக் கொடுக்க, சேம்பர்லின் அதைப் பிடித்தபடி படமெடுத்துக்கொண்டார். நூறாவது புள்ளி விழுந்ததும் கூட்டம் களத்துக்குள் ஓடிவந்தது. மீதமிருந்த 46 விநாடிகள் ஆடப்பட்டனவா என்பதில் நேரில் கண்டவர்களே முரண்படுகிறார்கள். அந்தப் பந்து எங்கே போனது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு.

1967-ல் பிலடெல்பியா 76-அர்ஸ், 1972-ல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிகளோடு கோப்பை வென்றார். 1967-68 பருவத்தில், சென்டராக இருந்தும், கூடை போடப் பந்தளிப்பதில் 702 அசிஸ்ட்டுகளோடு முதலிடம் பிடித்தார். என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டத்தில்கூட ஃபவுல் வரம்பைத் தாண்டி வெளியேற்றப்படவில்லை.

1973-ல் ஆட்டத்தை விட்டார். எதிராளியின் எறிவைத் தடுக்கும் ‘பிளாக்’ கணக்கை என்.பி.ஏ. அடுத்த பருவம் முதல்தான் எடுக்கத் தொடங்கியதால், அவ்வகையில் அவர் பெயரில் எண் ஏதுமில்லை.

1984-ல் ‘கோனன் தி டிஸ்ட்ராயர்’ படத்தில் நடித்தார். 1999 அக்டோபர் 12 அன்று லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். 2014-ல் தபால்தலை வெளியானது. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றும் ‘ரீபவுண்டு’ கணக்கில் அவர் எடுத்த 23,924 இன்றும் என்.பி.ஏ. சாதனை.