யாழின் நரம்பும் ஐந்தாம் தந்தியும்

யாழ்ப்பாணம் என்னும் பெயருக்குக் காரணம் கூறப் புகுந்தோர் பலரும் பாணன் ஒருவனின் கதையையே முதலில் எடுத்து மொழிவர். கண்ணொளி இழந்த அப்பாணன் யாழ் மீட்டி அரசனை மகிழ்வித்தான் என்றும், பரிசிலாக மணற்றி என்னும் இந்நிலத்தைப் பெற்றான் என்றும் வழங்கும் அக்கதை, ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் இடம்பெறுகின்றது. கதையின் மெய்ம்மையை வரலாற்றாசிரியர் ஐயுறுவர். ஐயத்துக்கு இடமில்லாத செய்தி ஒன்றுண்டு. நரம்புக் கருவியின் பெயரால் வழங்கும் இந்நிலத்தில் அக்கருவியின் ஒலி ஓய்ந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. இன்று யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன் தந்தையிடம் நரம்புக் கருவி ஒன்று வேண்டுமென்று கேட்பானாயின், அது பெரும்பாலும் கிற்றாராகவே இருக்கும். மெற்றல் எனப்படும் வன்மை மிக்க மேலை இசையில் அவன் உள்ளம் தோய்ந்திருப்பின், ஐந்து தந்தி பேஸ் கிற்றார் என்று கேட்கவும் கூடும். நான்கு தந்தி போதாதா என்பது தந்தையின் முதல் வினா. விலை என்ன என்பது அடுத்தது. இவ்விரண்டுக்கும் விடை அக்கருவி பிறந்து வளர்ந்த வரலாற்றிலேயே அடங்கியுள்ளது.

ஒலியைத் தாழ்நிலை, இடைநிலை, உயர்நிலை என வகுத்து, மெலிவு, சமன், வலிவு என்று பெயரிட்டனர் நம் முன்னோர். மெலிவு என்று சொன்னமையால் அது வலியற்ற ஒலி என்று கொள்ளுதல் தவறு. பெருங்கூட்டமாக எழும் இசைக்கு அடித்தளமாய் நிற்பது அதுவே. அதனை நரம்பில் எழுப்புதற்கு வழிகள் மூன்று: நரம்பின் நீளத்தைக் கூட்டலாம், பருமனைக் கூட்டலாம், இழுவிசையைத் தளர்த்தலாம். பிரான்சு நாட்டுப் பேரறிஞர் மெர்சென் 1636ஆம் ஆண்டில் இம்மூன்றையும் கணக்கு நெறிப்படுத்தி வெளியிட்டார். யாழ் செய்த தமிழரோ அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இவற்றுள் முதலாவதைக் கையாளக் கற்றிருந்தனர். வில்லென வளைந்த கோட்டில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நரம்பு. தாழ்ந்த சுரத்துக்கு நீண்ட நரம்பு, உயர்ந்த சுரத்துக்குக் குறுகிய நரம்பு. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்பது உரையாசிரியர் கூற்று.

மறைந்த அக்கருவியைக் கணக்கின் துணையால் மீட்டெடுக்க முயன்றவர் விபுலானந்த அடிகள். காரைதீவில் 1892இல் பிறந்த அவர், துறவு பூணுமுன் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரியில் தலைமையாசிரியராகவும் விளங்கியவர். அவருடைய யாழ்நூல் 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். பண்டிதர் நூலென்று அதனை அஞ்சி ஒதுக்குவோர் பலர். நரம்பின் அளவுக்கும் சுரத்துக்கும் உள்ள உறவை அறிய விரும்பும் கிற்றார் மாணவனும் புரட்டிப் பார்க்கத்தக்க நூல் அது.

யாழுக்குப் பின் வந்த வீணையிலும், மேற்கிலிருந்து வந்த கிற்றாரிலும் நிலைமை வேறு. இவற்றில் வாசிக்கும் தந்திகள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே நீளம் உடையவை. மெட்டுகளின் மேல் விரல் அழுத்தித் தந்தியைக் குறுக்கியே சுரம் பிறப்பிக்கப்படுகின்றது. நீளம் ஒன்றாயிருத்தலின் தாழ்ந்த ஒலிக்குப் பருமனையும் இழுவிசையையுமே நாடவேண்டியதாயிற்று. வீணையின் நான்கு தந்திகளுள் கடைசிக்கு அனுமந்தரம் என்று பெயர். அதன் தடிப்பை மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பின் இவ்வுண்மை கண்ணுக்கே புலனாகும்.

மேலை நாட்டாரிடம் மெலிவு ஒலிக்கு ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட டபிள் பேஸ் என்னும் பெரிய வயலின் இருந்தது. அதனைச் சுமந்து திரிவது பெருந்தொல்லை. மெட்டில்லாத அதன் கழுத்தில் சுரத்தானம் பிசகாமல் விரல் வைப்பதும் எளிதன்று. அமெரிக்காவின் சியாற்றில் நகரத்துப் போல் ரற்மார்க் 1930களில் மெட்டு அமைந்த மின் பேஸ் ஒன்றைச் செய்தபோதும் அது பரவவில்லை. கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட கருவியே உலகெங்கும் நிலைபெற்றது. மெட்டுகளால் சுரம் துல்லியமாக அமைதலின் அதற்குத் துல்லியம் என்னும் பொருள்படப் ‘பிரிசிசன்’ என்று பெயரிட்டார். தந்தியின் நீளம் 34 அங்குலம்; தந்திகள் நான்கு. அவற்றுள் தாழ்ந்தது ஈ என்னும் சுரத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். அந்த 34 அங்குலமே இன்றுவரை பெரும்பாலான பேஸ் கிற்றார்களின் அளவாக இருந்து வருகின்றது.

நான்கு தந்தியில் அமைதி கண்டிருந்த இக்கருவிக்கு ஐந்தாவது தேவைப்பட்டமைக்கு ஓர் ஆலை விபத்தும் காரணமாயிற்று. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் உலோகத் தகடு வெட்டும் ஆலையொன்றில் வேலைபார்த்த ரொனி அயோமி என்னும் இளைஞர், பதினேழாம் வயதில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தார். இடக்கையால் மீட்டும் வழக்கமுடையவராதலின், தந்தியை அழுத்தவேண்டிய கை அதுவே. மெல்லிய தந்தி பூட்டினார். விரலுக்கு உறை செய்தார். பின்னர்ச் சுருதியையும் தாழ்த்தினார். அவர் இடம்பெற்ற பிளாக் சபத் குழு 1970இல் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. 1971இல் வந்த மூன்றாம் தட்டில் பல பாடல்கள் மூன்று அரைச்சுரம் இறங்கி ஒலித்தன. விரல் வலிக்கு மருந்தாக வந்த தளர்ச்சி, கேட்போர் நெஞ்சில் இருளும் கனமும் கூடிய புதியதோர் ஒலியாகப் பதிந்தது. அக்குழுவையே மெற்றல் இசையின் ஊற்றென்று பலரும் கொள்வர். அதன்பின் வந்தோர் மேலும் மேலும் இறங்கினர். 1990இல் ஐபனெஸ் நிறுவனம் ஏழு தந்திக் கிற்றாரை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1994இல் கோர்ன் என்னும் அமெரிக்கக் குழு அதனைத் தன் முதல் தட்டிலேயே கையாண்டது. கிற்றாரே பீ என்னும் சுரம் வரை இறங்கிவிட்டால், அதற்கு ஒரு தாயி கீழே நிற்கவேண்டிய பேஸ் எங்கே போவது?

ஈ தந்தியையே தளர்த்திப் பீ ஆக்கிவிடலாமே என்று கேட்கலாம். கணக்கு இடந்தராது. ஈ சுரத்தின் அதிர்வு 41. பீ சுரத்தின் அதிர்வு 31. நான்குக்கு மூன்று என்னும் விகிதம் இது. அதே தந்தியை அவ்வளவு இறக்கினால் அதன் இழுவிசை பதினாறில் ஒன்பது பங்காகக் குறைந்துவிடும். கொடிக்கயிறுபோல் தொய்ந்த அத்தந்தி மெட்டில் மோதிக் கடகடக்குமேயன்றிச் சுரம் தராது. இழுவிசை மாறாதிருக்க வேண்டுமாயின் தந்தியின் கனம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காக வேண்டும். அத்துணைத் தடித்த கம்பி வளைய மறுத்து மழுங்கலாக ஒலிக்குமாதலின், தந்தி செய்வோர் சற்றுக் குறைந்த பருமனோடு நின்று, சிறிது தளர்ச்சியைப் பொறுத்துக்கொள்கின்றனர். ஐந்தாம் தந்தியின் குறையும் நிறையும் இந்தச் சமரசத்தில் பிறந்தவை.

ஃபெண்டர் நிறுவனம் 1965இல் செய்த முதல் ஐந்து தந்திப் பேஸில் மிகையான தந்தி மேலே சேர்க்கப்பட்டதேயன்றிக் கீழே அன்று. அது சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. 1970களின் நடுவில் ஜிம்மி ஜோன்சன் என்னும் கலைஞர் அலெம்பிக் நிறுவனத்தின் ஐந்து தந்திக் கருவியில் கீழ்ப் பீ தந்தியைப் பூட்டி வாசித்தார். மின்விசைப் பலகைகள் ஈ சுரத்துக்கும் கீழே எளிதாக இறங்கிய 1980களில் பேஸ் வாசிப்போரும் அவ்வாழத்தை விரும்பினர். மியூசிக் மான் நிறுவனத்தின் ஐந்து தந்தி ‘ஸ்ரிங்ரே’ 1987இல் வந்தபின் இக்கருவி அரிய பொருளாக இருக்கவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கிற்றார் புதியதன்று. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு பாடிய ‘சின்ன மாமியே’ போன்ற பாடல்கள் துள்ளிசை என்றும் பொப் என்றும் பெயர்பெற்று, 1970களில் இலங்கைத் தமிழர் வீடுதோறும் ஒலித்தன. சங்கீதம் பயின்றோர் சிலர் முகம் சுளித்தனர், இளைஞர் பொருட்படுத்தவில்லை. பிற்காலத்தில் யுத்தம் அனைத்தையும் மூடியது. 1990 முதல் ஆண்டுக்கணக்காகக் குடாநாட்டில் மின்சாரமில்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிள் டைனமோவைக் கையால் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட மக்கள் மின்கிற்றாரைப் பற்றி எண்ணியிருப்பார்களா? 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கொழும்பில் ‘ஸ்டிக்மாட்டா’ போன்ற மெற்றல் குழுக்கள் தோன்றியபோது, அந்நகரத்து இளைஞனுக்குக் கிடைத்த வாய்ப்பு குடாநாட்டு இளைஞனுக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் தவிலின் முழக்கத்தில் வளர்ந்த செவிக்கு மெற்றல் இசையின் பேரொலி அச்சம் தருவதன்று. தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டு விடியும்வரை திருவிழா மணலில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லரோ இவர்கள்!

இனி விலை. இக்கருவிகள் வெளிநாட்டிலிருந்து வருவனவாதலின் ரூபாவின் மதிப்பே விலையை ஆட்டுவிக்கின்றது. 200 டொலர் கருவி ஒன்றுக்கு 2022 தொடக்கத்தில், வரியும் கூலியும் நீங்கலாக, ஏறத்தாழ 40,000 ரூபா போதும். அவ்வாண்டு மே மாதத்தில் அதே கருவிக்கு 72,000 ரூபா வரை வேண்டியிருந்தது. பின்னர் ரூபா ஓரளவு தேறியபோதும் பழைய நிலை திரும்பவில்லை. ஆகவே ஒருமுறை தவறாக வாங்கி மறுமுறை திருத்திக்கொள்வது எளிய குடும்பத்துக்கு இயலாது.

யமஹாவின் ரி.ஆர்.பி.எக்ஸ். 305, ஐபனெஸின் ஜி.எஸ்.ஆர். 205, ஃபெண்டரின் மலிவுக் கிளையான ஸ்கொயரின் ஐந்து தந்தி ஜாஸ் பேஸ் ஆகியவை தொடக்கநிலையோர் நாடும் கருவிகள். மூன்றுமே 34 அங்குலம். பெயரும் நிறமும் பார்த்து மயங்காமல், ஐந்தாம் தந்தியை முதலில் சோதிப்பதே அறிவுடைமை. நீளம் 35 அங்குலமானால் அதே தந்தியின் இழுவிசை நூற்றுக்கு ஆறு பங்கு கூடும். 37 ஆனால் பதினெட்டுப் பங்கு கூடும். இது கருதியே தாழ்ந்த தந்திக்கு மிகுந்த நீளமும் உயர்ந்த தந்திக்குக் குறைந்த நீளமும் தந்து, மெட்டுகளை விசிறிபோல் சரித்து அமைக்கும் முறை பரவியுள்ளது. ரால்ஃப் நோவாக் என்னும் அமெரிக்கர் 1989இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். யாழ் செய்த பாணன் கண்டிருப்பின் இதிலென்ன புதுமை என்று கேட்டிருப்பான். விசிறி மெட்டுக் கருவிகளின் விலை கூடுதலாதலின் முதற் கருவிக்கு 34 அங்குலமே அமையும். ஆனால் அதன் பீ தந்தி தெளிவாகப் பேசவேண்டும்.

கடையில் கருவியைச் சுருதி கூட்டியபின், பீ தந்தியின் நடுவில், பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர்மேலே, விரலால் மெல்லத் தொட்டு மீட்டுக. பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுக. இரண்டும் ஒரே சுரமாக ஒலித்தல் வேண்டும். சிறு வேறுபாடாயின் குதிரையை நகர்த்திச் சரிசெய்யலாம். குதிரை எல்லைவரை நகர்ந்தும் சரிவராத கருவியை விட்டுவிடுக. கழுத்தை ஒரு முனையிலிருந்து நோக்கி முறுக்கல் உண்டோ என்று காண்க. யமஹாவின் அக்கருவியைப் போன்று உள்ளே மின்சுற்று உடையவற்றுக்கு 9 வோல்ற் பற்றரி வேண்டும். வாசித்து முடிந்ததும் கம்பியைக் கழற்றாவிடின் பற்றரி வீணே தீர்ந்துபோகும்.

கருவிக்கே முழுப்பணத்தையும் செலவிடுதலும் தவறு. பீ சுரத்தின் ஓர் அலை காற்றில் 36 அடி நீளம் உடையது. சிறிய ஒலிபெருக்கியால் அதனை முழுதாக எழுப்ப இயலாது. அங்கே செவிக்கு எட்டுவது பெரும்பாலும் அதன் மேற்சுரங்களே. காதில் அணியும் ஒலிப்பானோடு பயிலத்தக்க சிறு கருவியால் தொடங்கிப் பின்னர்ப் பெரிய பெருக்கியை நாடலாம். அண்டை வீட்டாரும் வாழ்த்துவர்.

இவ்வளவும் கைக்கு எட்டாத இளைஞனுக்கும் ஒரு வழியுண்டு. பழைய நான்கு தந்திப் பேஸ் ஒன்றை வாங்கி, ஐந்து தந்திக் கட்டில் மேல் ஜீ தந்தியை நீக்கிவிட்டு, பீ, ஈ, ஏ, டீ என்னும் நான்கையும் பூட்டிக்கொள்ளலாம். மெற்றல் குழுவில் பேஸ் வாசிப்போனுக்குப் பெரும்பாலான இடங்களில் அந்நான்கே போதும். கழுத்தின் தலைப்பில் தந்தி கிடக்கும் பள்ளங்களை மாத்திரம் சற்று அகலப்படுத்த வேண்டும். வீணையும் வயலினும் பழுதுபார்க்கும் கைவினைஞர் ஒருவர் சிறு அரத்தால் அரைமணி நேரத்தில் அதனைச் செய்து தருவார்.