செம்பும் ஆற்றுப் பூச்சியும்: கிளார்க் போர்க் ஆற்றின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேலைநாட்டு நகரங்களில் மின்சாரம் பரவியபோது செம்புக் கம்பிக்கான தேவையும் பெருகலாயிற்று. அத்தேவையை நிறைவுசெய்த சுரங்கங்களுள் ஐக்கிய அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்துப் பியூற் நகரச் சுரங்கங்கள் முதன்மை பெற்றன. தாதினின்று செம்பைப் பிரித்தபின் எஞ்சிய மண்ணிற் செம்பு, நாகம், ஈயம், கட்மியம் ஆகியவற்றோடு உலோகப்போலியாகிய ஆசனிக்கும் தங்கியிருந்தது. இக்கழிவு கிளார்க் போர்க் ஆற்றின் தலையோடைகளைச் சென்றடைந்தது.

இதன் தீங்கு முதலிற் புகை வடிவிலேயே மக்களின் கவனத்தை ஈர்த்தது. அனக்கொண்டாவில் 1902 இல் இயங்கத் தொடங்கிய உருக்காலையின் புகையிலிருந்து ஆசனிக்குப் படிந்த புல்லை மேய்ந்த மாடுகளும் குதிரைகளும் மடிந்தன. பண்ணையாளர் 1905 இல் வழக்குத் தொடர்ந்தனர். 1909 இல் தீர்ப்புக் கம்பனிக்குச் சாதகமாயிற்று. வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 1908 ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் கழிவுமண்ணை வாரிச் சென்று ஆற்றங்கரைகளிலும், ஏறத்தாழ 190 கிலோமீற்றர் கீழேயுள்ள மில்ரவுன் அணையின் பின்னும் படியவிட்டது. மாடுகளின் இறப்பு நீதிமன்றம் வரை சென்றது. ஆற்றடியில் நிகழ்ந்ததோ நெடுங்காலம் புலப்படாதிருந்தது.

அங்கு நிகழ்ந்தது யாதெனில், அடையலிலுள்ள உலோகங்களைக் கற்களின்மேற் படரும் அல்காப் படலம் ஈர்த்துக்கொள்கிறது. அதனைச் சுரண்டியும், நீரில் மிதந்துவரும் துணிக்கைகளை வலையிட்டுப் பிடித்தும் உண்ணும் பூச்சிக் குடம்பிகளின் உடலில் அவை சேர்கின்றன. அக்குடம்பிகளே ட்ரவுட் மீன்களின் உணவாகும். செம்பும் நாகமும் இரசத்தைப் போன்று படிக்குப் படி பெருகிச் செல்வன அல்ல. பூச்சி உருமாறிச் சிறகு பெறுகையில் ஒரு பகுதி நீங்கிவிடுவதுமுண்டு. ஆயினும், நீரிலேயே வாழும் குடம்பியை உண்ணும் மீனுக்கு இவற்றாற் பெரும் பயனில்லை.

உருக்காலை 1980 இல் மூடப்பட்டது. 1981 இல் மில்ரவுன் கிணறுகளில் ஆசனிக்குக் கண்டறியப்பட்டது. 1983 இல் அப்பகுதி மத்திய அரசின் துப்புரவுத் திட்டத்துள் அடங்கிற்று. 1980 களின் நடுப்பகுதியிலிருந்து பூச்சிக் குடம்பிகளைத் திரட்டி அளந்த ஆய்வாளர், சுரங்கத்தை அண்டிய மேலாற்றில் உலோகம் மிகுந்தும் கீழாற்றிற் குறைந்தும் இருக்கக் கண்டனர். 1990 களில் நிகழ்ந்த பரிசோதனைகளில், இவ்வாற்றுப் பூச்சிகளை உணவாகக் கொண்ட இளம் ட்ரவுட் மீன்கள், தூய நீரில் வளர்க்கப்பட்டபோதும், வளர்ச்சி குன்றிப் பல மடிந்தன. மில்ரவுன் அணை 2008 இல் உடைக்கப்பட்டு, அதன் பின் தேங்கியிருந்த அடையலில் ஒரு பகுதி அகற்றப்பட்டது.

நீரை மட்டும் அளந்து ஆற்றின் நலத்தைத் தீர்மானிப்பது போதாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும். நீர் தெளிந்திருந்த காலத்தும் நஞ்சு உணவின் வழியே சென்றுகொண்டிருந்தது. கம்பனியின் இலாபக் கணக்கு அவ்வாண்டுகளிலேயே முடிக்கப்பட்டது. ஆற்றின் கணக்கைத் தீர்க்கும் பொறுப்போ, சுரங்கத்தாற் பயன் பெறாத பிற்காலத் தலைமுறையினர்மீதும் சுமத்தப்பட்டது. கைத்தொழில் வரலாற்றை எழுதுவோர் உற்பத்தித் தொகைகளோடு இக்கணக்கையும் சேர்த்தெழுதுதல் கடனாகும்.