கண்டி ஈரத்தில் கொடாக்குரோமும் எக்டாக்குரோமும்

கண்டியிலும் பேராதனையிலும் பழைய அலுமாரிகளில் கலர் ஸ்லைட் பெட்டிகள் இன்னும் கிடக்கின்றன. 1960களின் பெட்டியொன்றைத் திறந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பேராதனைப் பூங்காவின் புல் ஒன்றில் பச்சையாகவே இருக்கும். அடுத்ததில் புல்லும் வானமும் மனித முகமும் ஒரே செம்மண் நிறத்துக்கு வந்திருக்கும். முதலாவது பெரும்பாலும் கொடாக்குரோம், இரண்டாவது எக்டாக்குரோம். இரண்டும் கொடாக் நிறுவனத்தின் பிலிம்களே.

வித்தியாசம் பிலிமின் உள்ளமைப்பில் இருக்கிறது. 1935இல் வந்த கொடாக்குரோமில் சாயத்தைப் பிறப்பிக்கும் கப்ளர் என்ற இரசாயனம் பிலிமுக்குள் கிடையாது. கழுவும்போதுதான் அது சேர்க்கப்பட்டது. மிச்சம் எதுவும் படத்தில் தங்காது. 1940களில் வந்த எக்டாக்குரோமில் கப்ளர் பிலிமின் அடுக்குகளிலேயே இருக்கும். அதனால் சாதாரணக் கூடத்திலும், பொறுமை இருந்தால் வீட்டிலும்கூட, அதைக் கழுவலாம். அந்த வசதிக்கு விலை இருந்தது. ஈ-2, ஈ-3 முறைகளில் கழுவிய பழைய எக்டாக்குரோமில் சியான் என்ற நீலப்பச்சைச் சாயம் இருட்டிலேயே வெளிறும், மிஞ்சுவது சிவப்பு. 1970களின் பிற்பாதியில் பரவிய ஈ-6 முறைக்குப் பிறகு நிலைமை வெகுவாகத் திருந்தியது. ஆகவே எக்டாக்குரோம் எல்லாமே மோசம் என்று சொல்வது அநியாயம்.

கண்டிக்கு இதில் தனியான ஓர் இழப்பு உண்டு. எசல பெரஹரா இரவு ஊர்வலம். கொப்பரைத் தீப்பந்தங்களே அதன் முக்கிய வெளிச்சம். ஒளியை உணரும் வேகம் 25, 64 என்றிருந்த கொடாக்குரோமுக்கு அந்த வெளிச்சம் போதாது. 1959இல் வந்த ஹைஸ்பீட் எக்டாக்குரோமின் வேகம் 160. பிளாஷ் இல்லாமல் பெரஹராவை எடுக்க நினைத்தவருக்கு அதுவே கை கொடுத்திருக்கும். பகலில் யாராலும் எடுக்கக்கூடிய பூங்காக் காட்சி நிலைக்கும் பிலிமிலும், மறுபடி எடுக்கவே முடியாத அந்த ஆண்டின் ஊர்வலம் வெளிறும் பிலிமிலும் பதிந்துபோனது பெரிய துயரம்.

இனி திரைக்கு வருவோம். அங்கே கணக்கு தலைகீழாகிறது. கொடாக்குரோமின் மஞ்சள் சாயம் இருட்டில் ஐந்திலொரு பங்கு குறைய ஏறத்தாழ 185 ஆண்டுகள் ஆகும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் புரொஜெக்டர் விளக்கின் முன் மொத்தம் ஒரு மணி நேரம் நின்றாலே அதே அளவு வெளிறல் வந்துவிடும். பியூஜிகுரோம் என்ற இன்னொரு ஸ்லைட் பிலிம் அதைவிட இரு மடங்குக்கு மேல் தாக்குப்பிடிக்கும். எக்டாக்குரோமும் இந்த ஒன்றில் கொடாக்குரோமை முந்துகிறது. பேராதனைப் பல்கலைக்கழக விரிவுரை ஒன்றில் ஒரு ஸ்லைட் ஐந்து நிமிடம் திரையில் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு விரிவுரைகளில் அந்த ஒரு மணி நேரம் முடிந்துவிடும். ஆகவே ஆசிரியரின் பெட்டியில் அடிக்கடி காட்டப்பட்ட கொடாக்குரோம், வீட்டில் காட்டாமல் வைத்திருந்ததைவிட மங்கலாக இருந்தால் வியப்பில்லை.

ஆனாலும் அந்த 185 ஆண்டை நம்பிக் கண்டியில் நிம்மதியாக இருக்க முடியாது. அது சுமார் 40 சதவீத ஈரப்பதமுள்ள உலர்ந்த அறைக்கான கணக்கு. இங்கே வெப்பம் மிதமாக இருந்தாலும் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 70ஐத் தாண்டி நிற்கும். 65ஐத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குப் போதும். அது தின்னும் ஜெலட்டின் இரண்டு பிலிமிலும் ஒன்றுதான். மரவேர் போலப் படத்தில் பரவும் அதன் இழைகளுக்கு எந்தச் சாயம் உறுதியானது என்ற கவலை இல்லை. கண்ணாடிச் சட்டம் போட்ட ஸ்லைட்டுகளில் ஈரம் உள்ளே அடைபட்டு நிலைமை இன்னும் கெடும். பூஞ்சணம் பிடித்ததைத் தண்ணீரால் துடைக்கவே கூடாது. பூஞ்சணம் இளக்கிய ஜெலட்டின் ஈரத்தில் கரைந்து, படமும் கூடவே போய்விடும்.

ஸ்கேன் செய்யும்போதும் இரண்டுக்கும் ஒரே அமைப்பு ஒத்துவராது. அகச்சிவப்புக் கதிரால் தூசி நீக்கும் வசதி எக்டாக்குரோமில் நன்றாக வேலை செய்யும். கொடாக்குரோமில் அது படத்தின் நுணுக்கங்களையே தூசியென்று அழித்துவிடும். அதை நிறுத்திவிட்டு ஸ்கேன் செய்வதே பாதுகாப்பு.

பெட்டிக்குள் வெல்வது கொடாக்குரோம், திரையில் வெல்வது எக்டாக்குரோம், கண்டி மழையில் இரண்டும் தோற்கும் என்பதே என் தீர்ப்பு. உங்கள் வீட்டில் பெட்டி இருந்தால் சட்டத்தில் அச்சிட்டுள்ள பிலிம் பெயரைப் பாருங்கள். 1976க்கு முந்திய எக்டாக்குரோமை, அதிலும் பெரஹராப் படங்களை, முதலில் ஸ்கேன் செய்யுங்கள். கொடாக்குரோம் கொஞ்சம் காத்திருக்கும். அதைப் புரொஜெக்டரில் மட்டும் போடாதீர்கள். பிறகு இரண்டையும் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, மழைக்காலம் தொடங்குமுன் அந்த ஜெல்லை மாற்றுங்கள்.